உறையாத இரத்தம்: கார்ல் பால் லிங்க்கின் வாழ்வும் பணியும்

நம் வீடுகளில் இதயக் கோளாறோ பக்கவாதமோ கண்ட பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய மருந்துப் பையில் வார்ஃபரின் என்ற சிறிய மாத்திரை இருக்க வாய்ப்புண்டு. நாள் தவறாமலும் அளவு தவறாமலும் அதனை விழுங்க வேண்டும். கீரையை ஒருநாள் வயிறாரவும் மறுநாள் அறவே இல்லாமலும் உண்ணக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருப்பார். குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவமனைக்குச் சென்று, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பரிசோதித்து வரவும் வேண்டும். இதே வார்ஃபரின்தான் ஒரு காலத்தில் மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் எலிகளுக்கு வைக்கப்பட்ட மெழுகுக் கட்டிகளிலும் கலக்கப்பட்டிருந்தது. தோட்டத்தில் எலிக்கு அதனை வைத்தவர்களுள் சிலர், முதுமையில் அதையே மருந்தாக விழுங்கியிருக்கவும் கூடும்.

எலியைக் கொல்லும் பொருள் மனிதனை வாழ வைக்கும் மருந்தானது எப்படி? இந்தக் கேள்விக்கான விடை, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவருடைய வாழ்க்கை, ஒரு விஞ்ஞானியின் வெற்றிக்கதை மட்டுமன்று. பல்கலைக்கழகம் என்பது யாருக்காக இருக்கிறது என்ற கேள்வியையும் அது நம்முன் வைக்கிறது.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

கார்ல் பால் லிங்க் 1901ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள லா போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜெர்மானிய வழியில் வந்த லூத்தரன் திருச்சபைப் பாதிரியார். வீட்டில் மொத்தம் பத்துப் பிள்ளைகள். பத்துப் பேரை வளர்த்து ஆளாக்க வேண்டிய பாதிரியார் குடும்பத்தில் செல்வம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக் கொள்ளலாம்.

1918ஆம் ஆண்டில் அவர் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேளாண்மைக் கல்லூரியில் வேளாண் வேதியியல் பயின்று, 1923இல் முதுநிலைப் பட்டமும் 1925இல் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் உதவித்தொகை பெற்று ஐரோப்பாவுக்குப் பயணமானார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சர்க்கரைப் பொருள்களின் வேதியியலில் புகழ்பெற்ற ஜேம்ஸ் இர்வினிடமும், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஃபிரிட்ஸ் பிரெகலிடமும், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பால் காரரிடமும் பயிற்சி பெற்றார். பிரெகல் 1923ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர். காரர் 1937ஆம் ஆண்டில் அதனைப் பெறவிருந்தவர்.

பிரெகலிடம் அவர் கற்ற நுண்பகுப்பாய்வு முறையை இங்கே குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சில மில்லிகிராம் எடையுள்ள பொருளை வைத்துக்கொண்டு அது எவற்றால் ஆனது என்று கண்டறியும் கலை அது. பின்னாளில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு அந்தக் கலை பெரிதும் கைகொடுத்தது.

ஐரோப்பா அவருக்குக் கல்வியை மட்டும் தரவில்லை. அங்கிருந்தபோதுதான் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலைப்பகுதியில் தங்கி உடல் தேற வேண்டியதாயிற்று. அந்த நோய் அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது திரும்பி வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. 1927ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்கே உதவிப் பேராசிரியராகத் திரும்பினார். மறு ஆண்டில் இணைப் பேராசிரியராக உயர்ந்தார். 1930ஆம் ஆண்டில் எலிசபெத் ஃபெல்ட்மன் என்பவரை மணந்தார். அவர்களுக்கு மூன்று ஆண் பிள்ளைகள்.

தொடக்கத்தில் அவருடைய ஆய்வு தாவரங்களைப் பற்றியதாகவே இருந்தது. வெள்ளை வெங்காயத்தைத் தாக்கும் ஒரு பூஞ்சண நோய், நிறமுள்ள வெங்காயத்தை ஏன் தாக்குவதில்லை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, நிறமுள்ள தோலில் இருக்கும் காப்புப் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர். இரத்தத்திற்கும் அவருக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை.

மாடுகளைக் கொன்ற தீவனம்

இவ்விடத்தில் நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஒரு விசித்திரமான நோய் மாடுகளைக் கொன்று கொண்டிருந்தது. கொம்பு வெட்டும்போதோ காயடிக்கும்போதோ ஏற்படும் சாதாரணக் காயத்திலிருந்து இரத்தம் நிற்காமல் வழிந்து மாடுகள் இறந்தன. சில மாடுகள் வெளிக்காயமே இல்லாமல் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து மடிந்தன.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கால்நடை நோயியல் வல்லுநராக இருந்த ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு இதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்தார். நோய்க்கிருமி எதுவும் இல்லை. சுவீட் குளோவர் என்ற தீவனப்பயிரை அறுத்து உலர்த்திக் குளிர்காலத்திற்காகச் சேமித்து வைப்பது அங்குள்ள வழக்கம். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த குளோவரைத் தின்ற மாடுகளே இறந்தன. ஒரே குவியலிலிருந்து நல்ல தண்டுகளையும் கெட்டுப்போன தண்டுகளையும் தனித்தனியே பொறுக்கி முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார் அவர். கெட்டுப்போனதைத் தின்ற முயல் இரத்தம் கசிந்து இறந்தது. அடுத்து, வட டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த லீ ரோடெரிக், நோயுற்ற மாடுகளின் இரத்தத்தில் புரோத்ராம்பின் என்ற உறைதல் புரதம் குறைந்துவிடுவதைக் காட்டினார்.

ஆக, 1930களின் தொடக்கத்திலேயே காரணம் தெரிந்துவிட்டது. கெட்டுப்போன தீவனத்தைக் கொடுக்காதீர்கள், நோயுற்ற மாட்டுக்கு நல்ல மாட்டின் இரத்தத்தை ஏற்றுங்கள் என்ற அறிவுரையும் தயாராக இருந்தது. அறிவுரை சரிதான். ஆனால் அது உலகப் பொருளாதார மந்தக் காலம். பூஞ்சணம் பிடித்த தீவனத்தை எறிந்துவிட்டு வேறு தீவனம் வாங்கப் பணமில்லாத விவசாயிக்கு அந்தச் சரியான அறிவுரையால் என்ன பயன்?

பனிப்புயல் வீசிய சனிக்கிழமை

1933ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல். வெளியே கடும் பனிப்புயல். விஸ்கான்சின் மாநிலத்தின் டீர் பார்க் என்ற சிற்றூரைச் சேர்ந்த எட் கார்ல்சன் என்ற விவசாயி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரம் வண்டியோட்டிக் கொண்டு மேடிசன் நகருக்கு வந்து சேர்ந்தார். அவருடைய மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்து கொண்டிருந்தன. மிஞ்சியிருந்த காளையின் மூக்கிலிருந்தும் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. கெட்டுப்போன தீவனமே காரணம் என்று கால்நடை மருத்துவர் கூறியதை அவரால் நம்ப முடியவில்லை. பல ஆண்டுகளாக அதே தீவனத்தைத்தானே கொடுத்து வந்தார்!

அவர் தேடி வந்தது கால்நடைத்துறை அலுவலகத்தை. சனிக்கிழமையாதலால் அது பூட்டிக் கிடந்தது. அலைந்து திரிந்தவர், திறந்திருந்த ஒரு கதவைக் கண்டு உள்ளே நுழைந்தார். அது லிங்க்கின் ஆய்வுக்கூடம். விவசாயி கொண்டு வந்தவை மூன்று: இறந்துபோன ஒரு கிடாரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தம், ஏறத்தாழ 45 கிலோ கெட்டுப்போன சுவீட் குளோவர்.

லிங்க்கால் அவருக்கு என்ன சொல்ல முடிந்தது? ஏற்கெனவே சொல்லப்பட்டு வந்ததைத்தான் அவரும் சொன்னார். அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள், முடிந்தால் இரத்தம் ஏற்றுங்கள் என்றார். அதற்குமேல் அவரிடம் எதுவும் இல்லை. விவசாயி வந்த வழியே பனிக்குள் திரும்பிச் சென்றார். அத்தனை தூரம் வந்தவருக்கு அன்று கையில் கிடைத்தது எதுவுமில்லை.

ஆனால் இரத்தக் கேன் ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிட்டது. லிங்க்கின் மாணவரும் உதவியாளருமான யூஜின் ஷோஃபெல் எளிதில் உணர்ச்சிவசப்படக் கூடியவர். கேனுக்குள் கைகளை விட்டு அந்த இரத்தத்தை அளைந்து பார்த்தார் அவர். அது உறையவே இல்லை. அந்த விவசாயிக்கு இனி என்ன கதி என்று அவர் கொதித்துப் போனார். ஆசிரியரும் மாணவரும் மாலை முழுவதும் அங்கேயே இருந்தனர். அந்த இரத்தத்தைக் கீழே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

இந்தச் சம்பவத்தை லிங்க் பிற்காலத்தில் பல மேடைகளில் சுவைபடச் சொல்லியிருக்கிறார். கதை சொல்வதில் அவருக்கு அலாதி விருப்பம். ஆனாலும் உண்மையை முழுமையாகச் சொல்வதானால், அந்த விவசாயி வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இந்தப் பிரச்சினை அவர் காதுக்கு வந்துவிட்டது. அதே பல்கலைக்கழகத்தின் மரபியலாளர்களான பிரிங்க்கும் ஸ்மித்தும், கசப்பும் நஞ்சும் குறைந்த குளோவர் வகையை உருவாக்குவது குறித்து அவரோடு பேசியிருந்தனர். அதுவரை அது தாளில் எழுதப்பட்ட ஓர் ஆய்வுத் தலைப்பு. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அதற்கு ஒரு மனிதனின் முகம் வந்துவிட்டது.

ஆறாண்டுத் தேடல்

கெட்டுப்போன குளோவருக்குள் இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. மூட்டை மூட்டையாகத் தீவனத்தை அரைத்துச் சாறெடுத்து, அதை மீண்டும் மீண்டும் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முயல்களுக்குக் கொடுத்து, அவற்றின் இரத்தம் உறையும் நேரத்தை அளக்க வேண்டும். முயலுக்கு முயல் விளைவு மாறுபட்டது. நம்பத்தகுந்த ஓர் அளவை முறையை உருவாக்கவே பல ஆண்டுகள் பிடித்தன.

லிங்க்கின் உடல்நிலை காரணமாகவும், அவருடைய இயல்பு காரணமாகவும், சோதனை மேசையில் நின்று உழைத்தவர்கள் பெரும்பாலும் அவருடைய மாணவர்களே. அவர்களுள் ஒருவரான ஹெரால்ட் கேம்ப்பெல், 1939ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், இரவெல்லாம் கண்விழித்திருந்த ஓர் அதிகாலையில், நுண்ணோக்கியின் அடியில் படிகங்களைக் கண்டார். அவர் திரட்டியிருந்தது வெறும் 6 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடையைவிடவும் குறைவு. உடனே ஓடிச்சென்று ஊருக்குச் சொல்லவில்லை அவர். அதுதான் தேடிய பொருள் என்று தாமே சோதித்து உறுதி செய்த பின்னரே ஆசிரியரிடம் தெரிவித்தார்.

அடுத்த கட்டத்தில் மார்க் ஸ்டாமன் என்ற மாணவர் பொறுப்பேற்று, சில மாத உழைப்பில் ஏறத்தாழ 1.8 கிராம் பொருளைத் திரட்டினார். சார்ல்ஸ் ஹியூப்னரும் அவரும் சேர்ந்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். 1940ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதே பொருள் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவும் உருவாக்கப்பட்டது. அதற்கு டைகூமரால் என்று பெயரிட்டனர்.

மாட்டுத்தீவனம் நஞ்சான மர்மமும் இதனால் விளங்கியது. சுவீட் குளோவருக்கு அதன் இனிய மணத்தைத் தருவது கூமரின் என்ற பொருள். அந்தக் கூமரின் இரத்தம் உறைவதைத் தடுப்பதில்லை. பூஞ்சணம் பிடிக்கும்போது அதன் அமைப்பு மாறுகிறது. அவ்வாறு மாறிய இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்ததும் டைகூமரால் பிறக்கிறது. மணம் தந்த பொருளே மரணம் தரும் பொருளாக மாறிவிடுகிறது. கூமரின் குறைவாகவுள்ள குளோவர் வகைகள் பின்னாளில் உருவாக்கப்பட்டன. விவசாயியின் கேள்விக்கு உரிய விடை அவ்வாறு தாமதமாகவே வந்து சேர்ந்தது.

நோய்க்குக் காரணம், நோய்க்கு மருந்து

காயம் பட்டால் இரத்தம் உறைவது நம்மைக் காக்கிறது. ஆனால் காயமே இல்லாமல் இரத்த நாளத்துக்குள் உறைந்துவிட்டால் அதுவே உயிருக்கு உலை வைக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலில் உருவாகும் இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்துக் கொள்வதால் எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள்.

இதைத் தடுக்க ஹெபாரின் என்ற பொருள் அப்போது இருந்தது. 1916ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் செய்த ஆய்விலிருந்து கிளைத்தது அது. ஆனால் அதை விலங்குகளின் உறுப்புகளிலிருந்து எடுக்க வேண்டும், ஊசி வழியாகவே செலுத்த வேண்டும். வாயால் விழுங்கக்கூடிய மருந்து இல்லை. டைகூமரால் அந்தக் குறையைத் தீர்த்தது. 1941ஆம் ஆண்டிலிருந்து மாயோ மருத்துவ நிலையத்திலும் விஸ்கான்சினிலும் மருத்துவர்கள் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர்.

இரத்தத்தை உறையவிடாத மருந்து என்றால் அச்சம் இருக்கத்தானே செய்யும்? அளவு மீறினால் என்ன செய்வது? லிங்க்கின் குழு இதற்கும் விடை தேடியது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம் அப்போது கண்டறிந்திருந்த வைட்டமின் கே, டைகூமராலின் விளைவை முறியடிக்கிறது என்று அவர்கள் காட்டினர். நஞ்சோடு முறிமருந்தும் சேர்ந்து கிடைத்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? நம் கல்லீரல், இரத்தம் உறையத் தேவையான பல புரதங்களை உருவாக்குகிறது. அவற்றுள் நான்கு புரதங்கள் முழுமை பெற வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை ஒரு நொதி புதுப்பித்து மீண்டும் பயன்படுத்தத் தருகிறது. டைகூமரால் வகை மருந்துகள் அந்த நொதியைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆனால் உடலில் ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் தீரும்வரை பாதிப்பு தெரியாது. ஆகவேதான் மருந்தின் முழுப் பலன் தெரியச் சில நாள்கள் ஆகின்றன. கீரையில் வைட்டமின் கே மிகுதியாக இருப்பதால்தான், அதன் அளவு திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ மருந்தின் வேகம் மாறிவிடுகிறது. இந்த விளக்கங்கள் முழுமை பெற்றது 1970களில்தான். அந்த நொதிக்குரிய மரபணு கண்டறியப்பட்டது 2004ஆம் ஆண்டில்.

படுக்கையில் பிறந்த எண்ணம்

1945ஆம் ஆண்டில் லிங்க்கின் பழைய நோய் மீண்டும் தலைதூக்கியது. சில மாதங்கள் மருத்துவமனையிலும் காசநோய் நிலையத்திலும் படுத்திருக்க நேர்ந்தது. சும்மா படுத்திருக்க அவரால் முடியுமா? எலி ஒழிப்பின் வரலாற்றைப் பற்றிய நூல்களை வரவழைத்துப் படித்துக் கொண்டிருந்தார்.

எலி தந்திரமான பிராணி. உண்டவுடன் வலியைத் தரும் நஞ்சை அது அடையாளம் கண்டுகொள்ளும். அதன்பின் அந்தப் பக்கமே போகாது. ஆனால் உண்டு பல நாள்கள் கழித்து, வலியின்றி வேலை செய்யும் நஞ்சாக இருந்தால்? எலி ஐயமின்றித் தினமும் வந்து தின்னும். டைகூமராலின் மெதுவான வேகம், மருத்துவர்களுக்குக் குறையாகத் தோன்றியது. எலி ஒழிப்பில் அதுவே நிறையாகிவிடும் என்று லிங்க் கண்டார். ஆனால் டைகூமரால் அந்த வேலைக்கு வலிமை போதாதது. அவருடைய மாணவர்கள் ஏற்கெனவே அதன் அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை உருவாக்கி வைத்திருந்தனர். அவற்றுள் 42ஆவது பொருள் மிக வலிமையானதாக இருந்தது. அதனை உருவாக்கியதில் மியோஷி இக்காவா, மார்க் ஸ்டாமன் ஆகியோரின் பங்கு முதன்மையானது.

அப்பொருளுக்கு வார்ஃபரின் என்று பெயரிடப்பட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பழைய மாணவர்களின் ஆய்வு அறநிறுவனம், தன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் வார்ஃப் என்று அழைக்கப்படுகிறது. அதனுடன் கூமரினின் கடைசி அசைகளைச் சேர்த்து அமைத்த பெயர் இது. 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளின் காப்புரிமையால் கிடைக்கும் வருவாயை மீண்டும் ஆய்வுக்கே செலவிடுகிறது. பழைய மாணவர்கள் தம் பல்கலைக்கழகத்திற்கு எப்படிக் கைம்மாறு செய்யலாம் என்பதற்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு.

1948ஆம் ஆண்டில் வார்ஃபரின் எலிமருந்தாகச் சந்தைக்கு வந்தது. உலகெங்கும் பரவியது. எலிகளும் வாளாவிருக்கவில்லை. 1958ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு மசியாத எலிகள் தென்பட்டன. மலேசியச் செம்பனைத் தோட்டங்களிலும் 1980களில் அத்தகைய எலிகள் கண்டறியப்பட்டன. கூண்டுப் பெட்டிகள் வைத்து ஆந்தைகளை வளர்க்கும் முறை நம் தோட்டங்களில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிபரின் மாத்திரை

எலிமருந்தை மனிதருக்குக் கொடுக்க யார் துணிவார்? 1951ஆம் ஆண்டில் நடந்த ஒரு துயர நிகழ்ச்சி இந்தத் தயக்கத்தைக் குறைத்தது. அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்திருந்த ஓர் இளைஞர் வாழ்வில் வெறுப்புற்று வார்ஃபரின் எலிமருந்தை உட்கொண்டுவிட்டார். மருத்துவமனையில் வைட்டமின் கேயும் இரத்தமும் செலுத்தப்பட்டு முழுமையாக நலம் பெற்றார். முறிமருந்து மனிதரிடமும் உறுதியாக வேலை செய்கிறது என்பது அதனால் தெளிவாகியது.

வார்ஃபரின், டைகூமராலைவிட வலிமையானது. நீரில் கரையும் வடிவில் அதைத் தயாரிக்கவும் முடிந்தது. விஸ்கான்சினில் ஓவிட் மேயர் முதலிய மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தபின், 1954ஆம் ஆண்டில் அது மனிதருக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது, அவருக்குத் தரப்பட்ட மருந்துகளுள் வார்ஃபரினும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதியே அதனை உட்கொண்டபின், எலிமருந்து என்ற அருவருப்பு மக்கள் மனத்திலிருந்து மெல்ல அகன்றது.

மாணவர்களின் பேராசிரியர்

லிங்க் சாதாரணப் பேராசிரியரைப் போல் தோற்றமளித்தவர் அல்லர். கண்ணைப் பறிக்கும் கழுத்துப்பட்டியும் கம்பளிச் சட்டையும் அணிந்து, சில வேளைகளில் மேலங்கி போர்த்திக்கொண்டு வளாகத்தில் நடந்து வருவார். சட்டென்று கோபம் வரும். மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாது. அவரோடு ஒத்துப்போவது எல்லாருக்கும் எளிதாக இருக்கவில்லை.

ஆயினும் மாணவர்களுக்காக அவர் துணிந்து நின்றார். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கம்யூனிச அச்சம் உச்சத்தில் இருந்தது. அந்த வேட்டைக்குத் தலைமை தாங்கிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, விஸ்கான்சின் மாநிலத்தையே சேர்ந்தவர். அத்தகைய காலத்தில் இடதுசாரி மாணவர் அமைப்புகளுக்கு ஆலோசகராக இருக்க லிங்க் முன்வந்தார். பேராசிரியர் ஒருவரின் ஆதரவு இல்லாமல் ஒரு மாணவர் அமைப்பு எவ்வளவு தடுமாறும் என்பது, சங்கப் பணியில் ஈடுபட்ட நம் அனைவருக்கும் தெரியும். அவர்களுடைய கொள்கை எதுவாயினும், மாணவர்கள் கூடிப் பேசும் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவருடைய துணைவியாரும் சமூக நீதியிலும் அமைதியிலும் நாட்டம் கொண்டவர்.

அவரிடம் பயின்று 1938ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டான்ஃபோர்ட் மூர், 1972ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். லிங்க்குக்கு அப்பரிசு கிடைக்கவில்லை. 1946ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது 1955இலும் 1960இலும் அவருக்கு இருமுறை வழங்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். 1978ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மேடிசன் நகரில் மறைந்தார்.

திறந்திருந்த கதவு

2010ஆம் ஆண்டிலிருந்து அடிக்கடி பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் ஒவ்வொன்றாக வந்து, பல நோயாளிகளுக்கு வார்ஃபரினின் இடத்தைப் பிடித்துக் கொண்டன. ஆனாலும் இயந்திர வகைச் செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கு இன்றும் வார்ஃபரினே கைகொடுக்கிறது. அதன் அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் ஆபத்துதான். குறைந்தால் இரத்தம் நாளத்துக்குள் கட்டிக்கொள்ளும். மிகுந்தால் அந்த விவசாயியின் மாடுகளுக்கு நேர்ந்ததே நேரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவறிந்து கொடுத்தால் நஞ்சும் மருந்தாகும் என்பதை லிங்க்கும் அவருடைய மாணவர்களும் உலகுக்குக் காட்டினர். வீட்டில் பெரியவர்கள் இம்மருந்தை உட்கொள்கிறார்கள் என்றால், வேளை தவறாமல் அது கொடுக்கப்படுகிறதா, பரிசோதனை நாளுக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்களா என்று கவனிக்கும் கடமை படித்த பிள்ளைகளாகிய நமக்கு உண்டு.

இவ்வாழ்க்கையை எண்ணும்போதெல்லாம் என் மனம் அந்தச் சனிக்கிழமைக்கே திரும்புகிறது. அன்று லிங்க்கிடம் விடை இல்லை. ஆனால் கதவு திறந்திருந்தது. இது என் துறையன்று, திங்கட்கிழமை உரிய அலுவலகத்திற்குப் போங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை கண்டிருக்க மாட்டார்கள். அவர் அவ்வாறு சொல்லவில்லை. விடை தெரியாத கேள்வியை ஏற்றுக்கொண்டு, தம் மாணவர்களோடு ஆறாண்டுகள் அதனைச் சுமந்தார்.

நாம் படிக்கும் பல்கலைக்கழகங்களும் உழைக்கும் மக்களின் வரிப்பணத்தில் எழுந்தவையே. பால்மரம் சீவியவர்களும் செம்பனைக் குலை வெட்டியவர்களும் தம் பிள்ளைகளை அவற்றின் வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நாளை நாம் மருத்துவராகவோ ஆசிரியராகவோ அதிகாரியாகவோ அமரும்போது, கையில் ஒரு கேள்வியை ஏந்திக்கொண்டு யாராவது நம் வாசலில் வந்து நிற்கக்கூடும். எல்லாக் கேள்விகளுக்கும் நம்மிடம் விடை இருக்காது. ஆனால் அவரை உள்ளே அழைத்து உட்கார வைக்கவும், அவர் விட்டுச் செல்லும் கேள்வியைத் தூக்கி எறியாமல் இருக்கவும் நம்மால் முடியும். கார்ல் பால் லிங்க் அன்று செய்ததும் அவ்வளவுதான்.